ஏடும் திறவுகோலும்

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் பெருவீதி வழியே வடக்கு நோக்கி ஏறத்தாழ 3 கிலோமீற்றர் சென்றால், பெரும் பாறைகள் ஒன்றன்மீது ஒன்று சாய்ந்து நிற்கும் ஓரிடத்தைக் காணலாம். பாறைகளின் இடுக்குகளே குகைகளாகி, குகைகளே வழிபாட்டிடங்களாகி விளங்கும் அவ்விடந்தான் அலுவிகாரை. அஃது அரசர் முடிசூடிய தலைநகரமன்று. கப்பல்கள் வந்து தங்கிய துறைமுகமுமன்று. எனினும், கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் இச்சிற்றூரைக் கடந்து செல்லுதல் இயலாது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாக மாந்தர் நாவிலேயே வாழ்ந்து வந்த ஒரு பெரும் நூற்றொகுதி, கி. மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் இதுவென்பது இந்நாட்டு மரபு. பௌத்தர்களின் திரிபிடகமே அந்நூற்றொகுதி.

சமயச் சொற்பொழிவு நிகழ்த்துவது என் நோக்கமன்று. நான் ஒரு பாடசாலை அதிபன். அலுவிகாரையைக் கடந்து பல்லாண்டுகளாகப் பணிக்குச் சென்று வருபவன். இக்காலத்தில் எம் பிள்ளைகளின் பாடங்கள் ஏட்டிலிருந்து கணினித் திரைக்குச் சென்றுகொண்டிருக்கின்றன. அத்திரையின் முன்னே ஒரு கதவு இருக்கின்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணக்கு, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கடவுச்சொல் என்னும் ஏற்பாடே அக்கதவின் பூட்டும் திறவுகோலுமாகும். அத்திறவுகோல் எத்தகையதாக இருத்தல் வேண்டும், யார் கையில் இருத்தல் வேண்டும் என்னும் வினா எங்கள் பாடசாலைகளில் நாள்தோறும் எழுகின்றது. இதற்கு விடை தேடுங்கால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அலுவிகாரை நிகழ்ச்சி எனக்குப் பேருதவியாக இருந்தது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே விழைகின்றேன்.

அறிவைச் செவிவழிக் கேட்டு மனத்தில் இருத்துவதே பண்டைய முறை. பௌத்த சங்கத்தில் நூற்றொகுதியின் பகுதிகள் பல குழுவினரிடையே பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தன. நெடும் பேருரைகளை மனனம் செய்தோர் ஒரு சாரார். இடைத்தரப் பேருரைகளை மனனம் செய்தோர் மற்றொரு சாரார். பாணகர் எனப்பட்ட இவ்வோதுவார்கள் கூடி ஓதி, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தி, நூலைப் பேணி வந்தனர். நாடு செழித்திருந்த வரையில் இம்முறை குறைவின்றி நடந்தது.

கி. மு. 103ஆம் ஆண்டளவில் வட்டகாமினி அபயன் அரியணை ஏறினான். சிங்கள மக்கள் வலகம்பா என வழங்கும் மன்னன் இவனே. ஏறிய சில மாதங்களிலேயே உள்நாட்டுக் கிளர்ச்சியும் தென்னிந்தியப் படையெடுப்பும் நேர, அவன் அரசிழந்து மறைந்து வாழ்ந்தான். அரசு மீளக் கிடைத்தது கி. மு. 89ஆம் ஆண்டளவிலேயே. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளுள் கொடும் பஞ்சம் ஒன்றும் நாட்டை வாட்டியது. பிக்குகள் பலர் கடல்கடந்து பாரதம் சென்றனர். பலர் பசியால் மாண்டனர். மலைப்பகுதியில் தங்கிய அறுபது பேர் கிழங்கும் இலையும் உண்டு, உடல் தளர்ந்த போதும் ஓதுதலைக் கைவிடாது நூலைக் காத்தனர் என்றும், பாரதம் சென்றோர் திரும்பியபின் இரு சாராரும் ஒப்பிட்டு ஓதிப் பார்க்க ஓரெழுத்தும் வேறுபடவில்லை என்றும் பாளி உரைநூல்கள் கூறுகின்றன.

ஆயினும் அவ்வுரைநூல் மரபிலே மற்றொரு செய்தியும் உண்டு. மகாநித்தேசம் என்னும் நூல் ஒரு காலத்தில் ஒரேயொரு பிக்குவின் நினைவில் மட்டுமே எஞ்சியிருந்தது. அவரோ ஒழுக்கத்தில் குறைபாடுடையவர் எனப் பெயர் பெற்றவர். அவரிடம் சென்று பாடம் கேட்க மகாரக்கிதர் என்னும் தேரர் கூசினார். அந்நூல் அழிந்துவிடலாகாது என்று பெரியோர் வற்புறுத்தியதன் பேரிலேயே, மனமின்றியும் சென்று கற்றார். அவர் கற்றிராவிடின் அந்நூல் அந்த ஒரு மனிதரோடு மண்ணுட் புதைந்திருக்கும். சமந்தபாசாதிகா என்னும் உரைநூல் இச்செய்தியை நமக்குத் தருகின்றது.

நேயர்களே, இச்செய்தியைச் சிறிது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். பலர் உயிர் வாழ்வதற்கு வேண்டிய ஒன்று ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்குமாயின், அவர் நல்லவராயினும் தீயவராயினும் அது பேராபத்தேயாம்.

அவ்வாபத்தை உணர்ந்த சான்றோர் எழுதத் துணிந்தனர். மக்களின் ஆற்றல் குறைந்து வருவதைக் கண்டு, அறம் நெடுங்காலம் நிலைபெறும் பொருட்டு நூலாக எழுதுவித்தனர் என்று மகாவம்சம் பொருள்படக் கூறுகின்றது. ஐந்நூறு பிக்குகள் இப்பணியிற் கூடினர் என்பதும், தலைநகராகிய அநுராதபுரத்தில் அன்றி மாத்தளைப் பகுதியில், உள்ளூர்த் தலைவன் ஒருவனின் காவலில் இது நிகழ்ந்தது என்பதும் பிற்கால மரபு. தலைநகரின் தயவை எதிர்பார்த்துக் காத்திராமல், அருகிலிருந்தவன் ஆதரவோடு செய்து முடித்தனர் என்பது கருதத்தக்கது.

எழுதும் முறையும் எளியதன்று. தாளிப்பனையின் விரியாத குருத்தோலையை வெட்டி, அவித்து, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்குதல் வேண்டும். எழுத்தாணியால் கீறிய எழுத்துக் கண்ணுக்குப் புலனாவதில்லை. எண்ணெயும் கரியும் குழைத்துப் பூசித் துடைத்த பின்னரே கீறல்களில் மை நின்று எழுத்துத் தோன்றும். அலுவிகாரைக்கு வருவோர் இதனை இன்றும் நேரிற் காணலாம்.

ஏட்டில் எழுதிவிட்டதனால் மட்டும் அறிவு காக்கப்பட்டுவிடுமா? அலுவிகாரையே இதற்கும் விடை கூறுகின்றது. 1848ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில், புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையில் கிளர்ச்சி மூண்டது. ஆங்கிலேயர் அதனைக் கடுமையாக அடக்கினர். கிளர்ச்சித் தலைவருள் ஒருவனாகிய புரன் அப்பு ஆகத்து 8ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த அடக்குமுறையில் அலுவிகாரையின் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. அதன் படிகள் அதற்குள் பல நாடுகளில் பரவியிருந்தமையே காரணம். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு மூண்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானபோது, வேறு படியில்லாத சுவடிகளும் சேர்ந்தே போயின. அந்த இழப்பை மறவாத ஈழத்து இளைஞர் சிலர் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எவரும் எவ்விடத்தும் படிக்குமாறு திறந்து வைத்திருக்கின்றது. அதனைப் படிப்பதற்குக் கணக்கும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

ஆகவே அறிவைப் பேணுவதற்கு எழுதுதல் ஒன்று, பலவிடத்தும் பரப்புதல் ஒன்று, நாடி வருவோர்க்குக் கதவைத் திறந்து வைத்தல் ஒன்று என மூன்றும் வேண்டும். மூன்றாவதே இந்நாட்டில், குறிப்பாக எங்கள் மலையகத்தில், நெடுங்காலம் தாமதமாயிற்று.

அலுவிகாரையைக் கடந்து செல்லும் இவ்வடக்குப் பெருவழிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கோப்பித் தோட்டங்கள் தோன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காடு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் மாண்டவர் பலர். அவ்வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி மாத்தளையிலேயே நிறைவுற்றது. அன்று நடந்து வந்தோரின் வழித்தோன்றல்களே இன்று எங்கள் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போருட் பலர்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெருமுயற்சியால் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் நாள் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் நீங்கியது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் 1970களிலேதான் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. நாட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்த வாயில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திறக்க ஏறத்தாழ ஒரு தலைமுறை சென்றது. 1980ஆம் ஆண்டு முதல் பாடநூல்களும் இலவசமாயின. பாடசாலையின் வாயிலும் புத்தகத்தின் அட்டையும் இங்ஙனம் திறந்தமை கண்டு மகிழ்ந்திருந்தோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையத்துக்குச் சென்றன. பண்டைய தட்சசீலத்தின் பெயரைத் தாங்கிய ஈ-தக்சலாவ என்னும் அரசுத் தளம் மூன்று மொழிகளிலும் பாடங்களைக் கொண்டிருந்தது. ஆனால் 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பின்படி, மேசைக் கணினியோ மடிக்கணினியோ உள்ள வீடுகள் நூற்றுக்கு 22 அளவிலேயே இருந்தன. 2021ஆம் ஆண்டில் பிபிலைக்கு அண்மையிலுள்ள போஹிட்டியாவைச் சிறார்கள் அலைவரிசை தேடிக் காட்டினூடே நடந்து பாறை ஏறியதை உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. கருவியில்லை, அலைவரிசையில்லை என்னும் குறைகள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தன. மூன்றாவது தடையொன்று படத்தில் விழவில்லை. பாறையேறி அலைவரிசை பெற்ற பின்னும் கதவு திறவாது நின்ற பிள்ளைகளும் இருந்தனர். கடவுச்சொல் மறந்து போனமையே காரணம்.

கடவுச்சொல் என்பது கணினிக்கு எப்படி வந்தது? 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசாசூசெட்சு தொழினுட்பக் கழகத்தில், பெர்னாண்டோ கொர்பாட்டோ என்னும் அறிஞரின் குழுவினர் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை அமைத்தனர். ஒருவர் வைத்த கோப்பை மற்றவர் தொடாதிருக்கவே ஆளுக்கொரு கடவுச்சொல் வழங்கினர். 1962ஆம் ஆண்டிலேயே, தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாத ஆய்வு மாணவர் ஒருவர், அனைவருடைய கடவுச்சொற்களையும் கணினியைக் கொண்டே அச்சடித்து எடுத்துவிட்டார். படித்த பொறியியலாளர் சிலருக்காக, ஆளுக்குரிய கோப்பைக் காப்பதற்காக ஏற்பட்ட உபாயம் அது. அதனையே, கைபேசி ஒன்றை நால்வர் பகிரும் லயத்து வீட்டுச் சிறுபிள்ளையின் முன்னும் மாற்றமின்றி வைத்தோம். எங்கள் இடர்ப்பாட்டின் வேர் இதுவே.

இரண்டு அனுபவங்களைக் கூற அனுமதியுங்கள்.

ஆறாந் தரத்தில் ஒரு சிறுமி. நன்கு படிப்பவள். தந்தையார் நகரத்தில் கடையொன்றில் மூட்டை சுமப்பவர். வீட்டிலுள்ள ஒரே கைபேசி அவரோடு சென்றுவிடும். ஒருநாள் அவள் அயல்வீட்டுக் கைபேசியில் பாடத்தைத் திறக்க முயன்றாள், கடவுச்சொல் பிழைத்தது. மீளமைப்பதற்குரிய குறியெண் தந்தையின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகச் சென்றது. செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. ஏதோ விளம்பரம் என்று கருதி அவர் அதனை அழித்துவிட்டார். மறுநாள் ஆசிரியை ஒருவர் இரக்கப்பட்டு அவளுக்குப் புதிய கணக்கொன்று திறந்து கொடுத்தார். பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியபோது முன்னைய கணக்கில் ஒருவிதமாகவும் இதில் வேறுவிதமாகவும் அமைந்தது. தவணை முடிவில் அவளுடைய ஒப்படைகள் பாதி ஒரு பெயரிலும் பாதி மற்றொரு பெயரிலும் கிடந்தன. பட்டியலைப் பார்த்தவர்க்கு அவள் அரைகுறையாகப் படித்த இரு பிள்ளைகளாகத் தோன்றினாள்.

மற்றையது என் பிழை. பாடசாலையின் கணக்குகள் அனைத்தையும் நிருவகிக்கும் தலைமைக் கணக்கு ஒன்றுண்டு. அதன் கடவுச்சொல்லை எவரிடமும் கூறாது, எங்கும் எழுதாது, என் நினைவில் மட்டும் வைத்திருந்தேன். அதுவே பாதுகாப்பென்று பெருமிதமும் கொண்டிருந்தேன். 2021ஆம் ஆண்டில் நோய்த்தொற்றுக்கு ஆளாகித் தனிமைப்படுத்தப்பட்டேன். அந்நாள்களில் பிள்ளைகள் பலர் கடவுச்சொல்லை மறந்து நின்றனர். பிரதி அதிபர் தொலைபேசியில் அழைத்தார். காய்ச்சல் வேகத்தில் ஓரெழுத்தை மாற்றிச் சொன்னேன். மும்முறை பிழைத்ததும் தலைமைக் கணக்கும் தாழிட்டுக்கொண்டது. இரு வாரங்கள் அப்பிள்ளைகளுக்குப் பாடமில்லை. படுக்கையில் கிடந்தபோதுதான் மகாநித்தேசத்தைத் தனியொருவராய் நினைவில் வைத்திருந்த அந்தப் பிக்கு என் நினைவுக்கு வந்தார். அவரிடத்தில் இருந்த குறை வேறு, என்னிடத்தில் இருந்த குறை வேறு, ஆபத்து ஒன்றே.

இனிச் செய்யத்தக்கது யாது? பிற நாட்டாரும் இவ்வினாவை எதிர்கொண்டுள்ளனர். நோர்வே நாட்டில் ஃபெய்டே என்னும் ஏற்பாடு உண்டு. அங்குப் பாடசாலைப் பிள்ளைக்கு ஒரே கணக்கு. பல நிறுவனங்களின் பாடத்தளங்களுக்கும் அதுவே திறவுகோல். அக்கணக்கைப் பேணுவது தொலைவிலுள்ள நிறுவனமன்று. பிள்ளையின் பாடசாலையை நடத்தும் உள்ளூராட்சியே. நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒழுங்கு பல்கலைக்கழகங்களில் உண்டு. லேர்ன் எனப்படும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியே வந்துள்ள எடுரோம் என்னும் வசதியால், தம் பல்கலைக்கழகம் தந்த ஒரே கணக்கைக் கொண்டு வேறு பல்கலைக்கழகத்திலும், கடல்கடந்த நாட்டிலுங்கூட இணையத்தில் இணையலாம். பேராதனை மாணவர்க்கு இயலுவது, அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இயலாதிருக்க வேண்டுவதில்லை.

முதலாவதாக, பூட்டு வேண்டாத இடத்தில் பூட்டு வேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களை எவரும் கணக்கின்றி இறக்கிக்கொள்ளுமாறு இணையத்தில் வைத்திருக்கின்றது. அதுவே நெறி. பாடம் பொதுச்சொத்து, அதற்குக் காவல் வேண்டாம். பிள்ளையின் விடையும் புள்ளியும் தன்விவரமுமே காக்கப்பட வேண்டியவை. தனியார் தரவுகளைக் காக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுள்ளதையும் நாம் மறத்தலாகாது.

இரண்டாவதாக, ஒரு பிள்ளைக்கு ஒரே கணக்கு. அது சேர்விடாப்பில் பிறக்க வேண்டும். பெயரைத் தமிழெழுத்திலேயே எழுதி, சேர்விலக்கத்தைக் கணக்கின் அடையாளமாகக் கொண்டால் எழுத்துக்கூட்டும் குழப்பம் நீங்கும். பிள்ளை பாடசாலை மாறும்போது விடுகைப் பத்திரத்தோடு கணக்கும் செல்ல வேண்டும். படிப்பு முடிந்ததும் முறைப்படி மூடப்பட வேண்டும்.

மூன்றாவதாக, மறந்த கடவுச்சொல்லை மீளமைக்கும் அதிகாரம் வகுப்பாசிரியரிடம் இருத்தல் வேண்டும். பிள்ளையின் முகத்தை அறிந்தவர் அவரே. அலுவிகாரைப் பணிக்கு அருகிலிருந்த தலைவன் காவல் நின்றது போல, இதற்கும் அருகிலிருப்பவரே பொருத்தம். தலைமைக் கணக்கின் திறவுகோல் இருவரிடம் இருக்கட்டும். அதனை எழுதி முத்திரையிட்ட உறையில் இரும்புப் பெட்டியில் வைத்து, திறந்த நாளையும் காரணத்தையும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் பதிவு செய்யலாம். பரீட்சை வினாத்தாளை இம்முறையிற் காத்துப் பழகியவர்களே நாம்.

நான்காவதாக, திறவுகோல் பிள்ளையின் கைக்கு அளவானதாக இருக்கட்டும். எழுத்தறியத் தொடங்கும் பிள்ளைக்குப் படம் பொறித்த அட்டை போதும். வளர்ந்த பிள்ளைக்குத் தான் மறவாத மூன்று நான்கு தமிழ்ச் சொற்களின் தொடர் போதும். எண்ணும் குறியும் கலந்திருக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்னும் விதிகளை அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமே 2017ஆம் ஆண்டில் கைவிட்டது. அவ்விதிகளை 2003ஆம் ஆண்டில் வகுத்த பில் பர் என்பவரும் தம் அறிவுரைக்காகப் பின்னாளில் வருந்தினார். கடினமான விதி மக்களை எளிதான ஏய்ப்புக்கே தூண்டும் என்பது அனுபவம்.

இவ்வாறு எளிமையாக்கினால் பாதுகாப்புக் கெடாதோ என ஐயுறுவோர் உளர். அவர்களது ஐயம் தள்ளத்தக்கதன்று. ஒரு பிள்ளையின் பெயரில் மற்றொருவர் புகுந்து தகாதன எழுதிய நிகழ்ச்சிகளை நானும் அறிவேன். ஆயின் அத்தகைய கேடு மிகுந்திருந்தது எங்கே? திறவுகோல் சிக்கலானது என்று கருதி, வகுப்பு முழுவதற்கும் ஒரே கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட இடங்களிலேதான். பிள்ளையால் பயன்படுத்த இயலாத பூட்டு கள்வனைத் தடுப்பதில்லை, பிள்ளையையே தடுக்கின்றது.

அலுவிகாரைக் குகைகளில் அமர்ந்து எழுதியவர்கள் தமக்கு முன்னிருந்த முறையை இகழவில்லை. நானூறு ஆண்டுகள் நூலைக் காத்தது அந்த நாவே அன்றோ? பசியும் போரும் வந்தபோது அம்முறை எத்துணைப் பேரைக் கைவிடும் என்பதைக் கண்டு, காலத்துக்கேற்ற வேறொரு கலத்தை நாடினர். நாமும் ஏட்டை இகழாமலே திரையை நாடியிருக்கின்றோம். நாடியது தவறன்று. ஆனால் 1945இல் திறந்த வாயில் தோட்டத்துப் பிள்ளைக்குத் திறக்க முப்பதாண்டு சென்றமை போல, இப்புதிய வாயிலும் தாமதமாகத் திறக்குமாயின் அஃது எம் தலைமுறை ஆசிரியர்களின் குற்றமாகவே எழுதப்படும்.

அடுத்த தவணை தொடங்கும்போது எங்கள் சேர்விடாப்பில் புதிய நிரல் ஒன்று கீறப்படும். பிள்ளையின் பெயருக்கு எதிரே கணக்கின் இலக்கமும், அதனை மீளமைக்க வல்ல இரு ஆசிரியர்களின் பெயர்களும் அதில் இருக்கும். அவ்விருவருள் நான் ஒருவனல்லன்.